காற்றுக்குக் காத்திருந்தோரின் நகரம்: மலாக்காவும் அதன் குடிகளும்

மலாய்த் தீவக்குறையின் மேற்குக் கரையில், சுமத்திராவுக்கு எதிர்ப்புறமாக, சிற்றாறு ஒன்று கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த மலாக்கா, பதினைந்தாம் நூற்றாண்டில் ஆசியக் கடல் வாணிகத்தின் முதன்மைத் துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கியது. 1512 முதல் 1515 வரை அங்குத் தங்கியிருந்த போர்த்துக்கீசியரான தொமே பிரெஸ், அத்துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதிவைத்தார். அந்த எண்ணைச் சொல்லி வியப்பதோடு பல நூல்கள் நின்றுவிடுகின்றன. அத்தனை மொழியினர் ஒரே ஆற்றங்கரையில் எதனால் கூடினர், எத்தகைய ஒழுங்கின்கீழ் அருகருகே வாழ்ந்தனர், அவ்வொழுங்கை ஏற்படுத்திய அரசு வீழ்ந்த பின்னரும் அவர்களுள் சிலர் எவ்வாறு தனித்த குடிகளாக நிலைத்தனர் என்னும் வினாக்களே இவ்வுரையின் பொருளாகும். பல்வகை மக்கள் கூடி வாழ்வதை ஓர் அரசனின் பெருந்தன்மை என்றோ கடற்கரை மக்களின் இயல்பான குணம் என்றோ கொள்வது எளிது. மலாக்காவின் சான்றுகள் காட்டும் வழி வேறு. அங்குப் பல குடிகளை ஒன்றுகூட்டியவை பருவக்காற்றும் துறைமுக விதிகளும் ஆகும். அவ்விதிகள் மறைந்த பின்னர் அக்குடிகளைக் காத்தவை மணவுறவும், அடுக்களையும், வழிபாட்டு நிலமுமே ஆகும்.

காற்றும் கரையும்

இந்தியப் பெருங்கடலில் பாய்க்கப்பல் செலுத்தியோர்க்குக் காற்றே நாட்காட்டியாக இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று சோழமண்டலக் கரையிலிருந்தும் குசராத்திலிருந்தும் புறப்பட்ட கலங்களைக் கிழக்கே கொண்டுசெல்லும். வடகிழக்குப் பருவக்காற்று சீனத்திலிருந்து வரும் கலங்களைத் தெற்கே இறக்கும். திரும்பிச் செல்ல ஒவ்வொருவரும் மற்றவர் வந்த காற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். இவ்விரு காற்றுகளும் சந்திக்கும் இடத்தில், சுமத்திராவின் மலைகளும் தீவக்குறையின் மலைகளும் இருபுறமும் அரண்செய்யப் புயலின் கொடுமை குறைந்திருந்த நீரிணையில் மலாக்கா அமைந்திருந்தது. நாகப்பட்டினத்து வணிகர் சீனம் வரை செல்லாமலே சீனப் பட்டையும் பீங்கானையும் அங்குக் கொள்ளலாம். சீன வணிகர் பழவேற்காடு வரை வராமலே சோழமண்டலத் துணியைப் பெறலாம். மலுக்குத் தீவுகளின் கிராம்பும், பண்டாத் தீவுகளின் சாதிக்காயும் சாதிபத்திரியும், தீமோரின் சந்தனமும், சுமத்திராவின் மிளகும் அங்கு வந்து குவிந்தன. நெடும்பயணத்தைப் பாதியாகக் குறைத்த இந்த வசதிக்கு வணிகர் கொடுத்த விலை காத்திருப்பு. ஒவ்வோர் ஆண்டும் சில மாதங்கள் அயலூரில் தங்க வேண்டியிருந்ததால், தங்குமிடமும், கிடங்கும், வழிபடுமிடமும், பலருக்கு அங்கேயே ஒரு குடும்பமும் தேவைப்பட்டன. மலாக்காவின் குடிகளது வரலாறு இத்தேவையிலிருந்தே தொடங்குகிறது.

நகரம் எழுந்த வரலாறு சுருக்கமானது. பாலெம்பாங்கைச் சேர்ந்த இளவரசர் பரமேசுவரர், சாவகத்தின் மசபாகித்துப் பேரரசோடு ஏற்பட்ட பகையால் தம் நாட்டை விட்டு நீங்கி, துமாசிக் எனப்பட்ட சிங்கப்பூரில் சிறிது காலம் இருந்து, அங்கிருந்தும் வெளியேறி, ஏறத்தாழ 1400ஆம் ஆண்டளவில் மலாக்கா ஆற்றின் முகத்துவாரத்தில் குடியமர்ந்தார். நீரிணையின் வழிகளையும் திட்டுகளையும் நன்கறிந்த ஓராங் லவுட் என்னும் கடலோடி மக்கள் அவருக்குத் துணைநின்றனர். ஆற்றலும் அறிவும் இருந்தும் அரண்மனை வரலாறுகளில் மிகக் குறைவான இடமே பெற்ற மக்கள் இவர்கள். 1405இல் சீனத்து மிங் பேரரசு புதிய ஆட்சியை ஏற்றுக்கொண்டது. 1411இல் பரமேசுவரர் தாமே சீனத் தலைநகர் சென்று பேரரசரைக் கண்டார். தளபதி செங் ஹோவின் பெருங்கடற்படை மலாக்காவைத் தங்குதளமாகக் கொண்டது. அப்படையோடு வந்த மா ஹுவான் என்னும் மொழிபெயர்ப்பாளர், நான்கு வாயில்களும் காவல் மாடங்களும் உள்ள ஒரு மரவேலி அரணைச் சீனர் மலாக்காவில் எழுப்பியதையும், அதனுள் சரக்குகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு தென்காற்று எழும் வரை காத்திருந்ததையும் பதிவு செய்துள்ளார். காத்திருப்பதற்கென்றே கட்டப்பட்ட அந்த அரண், பின்னாளில் அந்நகர் கொண்ட உருவத்தின் முதல் வரைவு எனலாம்.

துறைமுகத்தை ஆண்ட விதிகள்

மலாக்காச் சுல்தான்களின் ஆட்சியமைப்பில் துறைமுகம் தனித்த இடம் பெற்றது. அரசனுக்கு அடுத்த நிலையில் பெண்டஹாரா எனப்பட்ட முதலமைச்சரும், நகரக் காவலையும் நீதியையும் கவனித்த தெமெங்கோங்கும், கடற்படைத் தலைவராகிய லக்சமானாவும் இருந்தனர். வெளிநாட்டு வணிகரின் பொறுப்பு, ஷாபந்தர் என்னும் பாரசீகப் பட்டம் கொண்ட துறைமுகத் தலைவர்களிடம் விடப்பட்டது. அத்தகையோர் நால்வர் இருந்தனர்: எண்ணிக்கையில் மிகுந்திருந்த குசராத்தியருக்கு ஒருவர், கெலிங் என்று மலாய் மக்கள் அழைத்த தமிழர் முதலான சோழமண்டலக் கரையினருக்கும், வங்காளம், பெகு, சுமத்திராவின் பாசாய் ஆகிய இடத்தினருக்கும் ஒருவர், சாவகம், மலுக்கு, பண்டா, பாலெம்பாங் முதலிய தீவினருக்கு ஒருவர், சீனர், சம்பாவினர், இன்று ஓகினாவா எனப்படும் ரியூக்கியுத் தீவினர் ஆகியோருக்கு ஒருவர். கலம் ஒன்று துறையை அடைந்ததும், அதன் தலைவரைப் பெண்டஹாராவிடம் அழைத்துச் செல்வதும், கிடங்கு ஒதுக்குவதும், தங்குமிடம் தருவதும், சரக்கைச் சுமக்க யானைகளை ஏற்பாடு செய்வதும், அளவையிலும் நாணயத்திலும் எழும் வழக்குகளைத் தீர்ப்பதும் அந்தந்த ஷாபந்தரின் கடமைகளாக இருந்தன. தன் மொழி அறிந்த, தன் ஊரின் வழக்கம் அறிந்த ஒருவரிடமே வணிகர் முதலில் போய்ச் சேர்ந்தார் என்பதே இம்முறையின் சிறப்பு.

சுங்க முறையும் காற்றின் கணக்கிற்கு ஏற்பவே அமைந்தது. மேற்கிலிருந்து வந்த சரக்குகளுக்கு நூற்றுக்கு 6 வீதமும், நகரில் குடியேறிவிட்டவர்களுக்கு நூற்றுக்கு 3 வீதமும் வரி வாங்கப்பட்டதாகவும், கிழக்கிலிருந்து வந்தவர்கள் வரிக்கு மாற்றாகக் காணிக்கைகள் செலுத்தியதாகவும் பிரெஸ் குறிப்பிடுகிறார். குடியேறியோர்க்குப் பாதி வரி என்னும் இந்த ஏற்பாடு, வந்துபோகும் வணிகரை ஊரார் ஆக்கும் தூண்டுதலாக இருந்திருக்க வேண்டும். சரக்கின் மதிப்பை அரசு அலுவலர் தாமே முடிவு செய்யவில்லை. பத்து வணிகர், அவர்களுள் ஐவர் கெலிங்குகளும் ஐவர் பிற நாட்டினருமாக, கூடியிருந்து மதிப்பிட்டனர். பின்னர் வணிகர் குழு ஒன்று கலத்தின் சரக்கு முழுவதையும் ஒரே விலைக்கு ஏற்று, தத்தம் பங்கிற்கேற்பப் பிரித்துக்கொண்டது. கலம் காற்றைத் தவறவிட்டால் ஓராண்டை இழக்கும் என்பதால், பேரம் நீளாமல் இருப்பது வந்தவருக்கும் வாங்குபவருக்கும் நன்மையாயிற்று. விலை நிறுவும் அவையில் அயலவரே இடம் பெற்றிருந்த ஒரு துறைமுகத்தில், அயலவர் நம்பிக்கையோடு முதலீடு செய்ததில் வியப்பில்லை.

கடலிலும் சட்டம் இருந்தது. 'உண்டாங்-உண்டாங் லவுட் மலாக்கா' என்னும் மலாக்காக் கடற்சட்டத் தொகுப்பு, நாகோடா எனப்பட்ட கப்பல் தலைவனைக் கடலில் அரசனுக்கு நிகரானவனாக வைத்தது. கலத்தில் இடம் வாடகைக்குப் பெற்றுத் தம் சரக்கோடு உடன்செல்லும் சிறு வணிகர் கீவி எனப்பட்டனர். துறையை அடைந்தபின் முதலில் நாகோடா நான்கு நாள்களும், அடுத்துக் கீவிகள் இரண்டு நாள்களும் விற்ற பிறகே கலத்திலிருந்த ஏனையோர் கடைவிரிக்கலாம் என்று அது வகுத்தது. பேரங்காடி வைத்த செல்வரையும், ஒரு மூட்டைத் துணியோடு வந்தவரையும் ஒரே கப்பலில் ஏற்றிய வாணிகத்துக்கு இவ்வளவு நுணுக்கமான விதி தேவைப்பட்டது.

அரண்மனையில் தமிழர்

கெலிங் வணிகர் துறைமுகத்தோடு நின்றவர் அல்லர். மலாக்காவின் அரச வரலாறாகிய 'செசாரா மெலாயு', கெலிங் நாட்டிலிருந்து வந்த மணி புரிந்தான் என்னும் பெருமகன் அரச குடும்பத்தோடு மணவுறவு கொண்டதையும், அவர் மரபினர் பெண்டஹாராப் பதவி வரை உயர்ந்ததையும் கூறுகிறது. அவர் வழிவந்த தமிழ் முஸ்லிம் தாயின் மகனான ராசா காசிம், 1446ஆம் ஆண்டளவில் தம் மாற்றாந்தாயின் மகனை அகற்றிவிட்டு, முசாபர் ஷா என்னும் பெயரில் அரியணை ஏறினார். சுல்தானகத்தின் நிலையான சட்டங்களும் முஸ்லிம் அரசு என்னும் அடையாளமும் உறுதிப்பட்டது அவர் காலத்திலிருந்துதான் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர்.

இத்தகைய செல்வாக்குக்குள் பூசலும் விளைந்தது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்டஹாராவாக இருந்த துன் முத்தாகிரும் மணி புரிந்தான் மரபினரே. நைனா சூரா தேவனா, ராசா மெண்டலியார் என்னும் இரு கெலிங் பெருவணிகர்களுக்கிடையே எழுந்த வழக்கு, லஞ்சக் குற்றச்சாட்டாக மாறி, பெண்டஹாரா அரசுக்கு எதிராகச் சூழ்ச்சி செய்கிறார் என்னும் பொய்ச் செய்தியாக வளர்ந்து, 1510இல் அவரும் அவர் குடும்பத்தினரும் சுல்தான் மகமூது ஷாவின் ஆணையால் கொல்லப்படும் அளவுக்குச் சென்றது. போர்த்துக்கீசியர் பீரங்கியோடு வருவதற்கு ஓராண்டு முன்னரே நகரத்தின் தலைமை உள்ளுக்குள் சிதைந்திருந்தது. தமிழ்நாட்டில் மலாக்காவைப் பற்றிப் பேசும்போது தமிழரின் பெருமையை மட்டும் எடுத்துச் சொல்லும் வழக்கம் உண்டு. அந்நகரின் வீழ்ச்சியிலும் தமிழ்ப் பெருவணிகர்க்குப் பங்கிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

1511

1511 ஆகத்து மாதத்தில் போர்த்துக்கீசியத் தளபதி அபோன்சோ டி அல்புகர்க் மலாக்காவைக் கைப்பற்றினார். அங்கு வந்திருந்த சீனக் கலத் தலைவர்கள் அவருக்குப் படகுகள் கொடுத்து உதவினர். சுல்தானின் ஆட்சியில் சிறைப்பட்டிருந்த போர்த்துக்கீசியருக்கு மறைவாகத் துணைசெய்த இந்து வணிகரான நினா சட்டு, வெற்றிக்குப் பின் புதிய ஆட்சியில் பெண்டஹாராவாக நியமிக்கப்பட்டார். இவரது பெயரைப் போர்த்துக்கீசிய ஆவணங்கள் தரும் வடிவிலேயே இங்குத் தரவேண்டியுள்ளது. அவரும் போர்த்துக்கீசியரும் கூட்டாகப் பொருளிட்டு மர்த்தபானுக்கும் பழவேற்காட்டுக்கும் சீனத்துக்கும் கலங்கள் அனுப்பினர். கிழக்குக் கடல்களின் வழியும் விலையும் அறியாத புதிய ஆட்சியாளர்க்கு இவ்வணிகரின் அறிவு இன்றியமையாததாயிற்று. ஆயினும் 1514இல், அரசியல் தேவை கருதி அப்பதவி சுமத்திராவிலிருந்த கம்பாரின் முஸ்லிம் அரசருக்கு மாற்றப்பட்டது. அந்த அவமதிப்பைத் தாங்காமல், சந்தனக் கட்டைகளால் மேடை அமைத்துத் தீமூட்டி நினா சட்டு அதில் புகுந்து உயிர்விட்டதாகப் போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதினர். ஆட்சியாளருக்குப் பயன்பட்ட வரையே ஒரு குடியின் தலைவர்க்கு மதிப்பு இருந்தது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் நிகழ்ச்சி அந்நகர வரலாற்றில் வேறில்லை.

பள்ளிவாசலையும் அரச கல்லறைகளையும் இடித்தெடுத்த கற்களால் 'ஆ பமோசா' என்னும் கோட்டை எழுந்தது. பழைய விதிகளின் இடத்தில் தனியுரிமை வாணிகமும், கட்டாய விலையும், ஆளுநர்களின் சொந்த ஆதாயமும் வந்தன. விளைவு உடனே தெரிந்தது. குசராத்தியர் ஆச்சேக்கும் பாந்தனுக்கும் தம் வாணிகத்தை மாற்றிக்கொண்டனர். சாவகத்தினர் பலர் நீங்கினர். நான்கு ஷாபந்தர்களின் மலாக்காவைப் போர்த்துக்கீசியர் கைப்பற்றினார்களே தவிர, அதைத் தொடர்ந்து நடத்த அவர்களால் இயலவில்லை. தங்கியோர் சோழமண்டல வணிகரும், சீனர் சிலரும், எங்கும் போக முடியாத எளியவர்களும் ஆவர். போர்த்துக்கீசியருக்கும் சுலவேசிப் பெண்ணுக்கும் பிறந்த மானுவேல் கொதினோ டி எரேடியா என்னும் மலாக்காக்காரர் 1613இல் எழுதிய நூலும் வரைபடமும், ஆற்றின் வடகரையில் 'கம்பொங் செலிம்' என்னும் பகுதியைக் காட்டி, அங்குச் சோழமண்டலத்துச் செலிகள் வாழ்ந்தனர் என்று குறிக்கின்றன. கம்பொங் என்பது குடியிருப்பு. செலிகள் என்பவர் கெலிங் குடியினர்.

போர்த்துக்கல் மக்கள்தொகை குறைந்த நாடு. கடல் கடந்த கோட்டைகளுக்கு ஆள் அனுப்ப அதனால் இயலாமையால், வீரர்களும் மாலுமிகளும் உள்ளூர்ப் பெண்களை மணந்து நிலைத்தலை அல்புகர்க் ஊக்குவித்தார். அவ்வாறு மணந்தோர் 'கசாடோ' எனப்பட்டனர். அரசியல் கணக்கிலிருந்து பிறந்த அந்த மணவுறவுகளிலிருந்து, அக்கணக்கைப் போட்டவர்கள் எண்ணியிராத ஒரு மக்கள்கூட்டம் பிறந்தது.

ஒரு தெருவும் அதன் கோயில்களும்

1641இல், நீண்ட முற்றுகைக்குப் பின், ஜொகூர் அரசின் துணையோடு டச்சுக்காரர் நகரைக் கைக்கொண்டனர். பஞ்சமும் நோயும் மக்களில் பெரும்பகுதியைக் கொன்றிருந்தன. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாவகத்துப் படேவியாவே தலைமைத் துறை. மலாக்கா நீரிணைக் காவலுக்கான ஓர் இடைநிலை மட்டுமே. வாணிகத்தில் தளர்ந்த அந்த நூற்றைம்பது ஆண்டுகளே குடிகள் வேரூன்றிய காலமாகவும் அமைந்தன. ஒவ்வொரு சமூகத்துக்கும் 'கப்பித்தான்' எனப்பட்ட தலைவர் ஒருவரை ஏற்று, அவர் வழியாக வரியும் வழக்கும் நடத்தும் முறை தொடர்ந்தது. மிங் பேரரசு வீழ்ந்தபோது சீனத்தை நீங்கி வந்தவரான கப்பித்தான் லீ வெய் கிங், சீனர் குன்று எனப்படும் புக்கிட் சீனாவை டச்சுக்காரரிடமிருந்து வாங்கிச் சமூகத்துக்கு இடுகாடாக அளித்தார். சீனரின் செங் ஹூன் தெங் கோயிலின் வளர்ச்சியும் பதினேழாம் நூற்றாண்டின் இத்தகைய தலைவர்களோடு தொடர்புடையது.

1748இல் கம்பொங் கெலிங் பள்ளிவாசல் எழுந்தது. சுமத்திரா முறையில் அடுக்கிய கூம்புக் கூரையும், சீனக் கோபுரத்தை ஒத்த பாங்கு மாடமும், ஐரோப்பியத் தூண்களும், வெளிநாட்டு மெருகோடுகளும் கொண்ட அக்கட்டடம், முதலில் மரத்தாலும் 1872இல் செங்கல்லாலும் கட்டப்பட்டது. அதே தெருவில், டச்சு அரசு அளித்த நிலத்தில், தெய்வநாயகம் செட்டி 1781இல் பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயிலை எழுப்பினார். செங் ஹூன் தெங் கோயிலும் அதே வரிசையில்தான் உள்ளது. நடந்து கடக்கச் சில நிமிடங்களே ஆகும் தெருவில் மூன்று வழிபாட்டு இடங்கள் நிற்பதைச் சுற்றுலாக் கையேடுகள் நல்லிணக்கத்தின் அடையாளமாகப் போற்றுகின்றன. அப்போற்றுதல் பொய்யில்லை எனினும் குறைபாடுடையது. ஏனெனில் அதே ஆட்சி கத்தோலிக்கரின் வெளிப்படையான வழிபாட்டை நெடுங்காலம் தடுத்தது. பழைய எதிரியாகிய போர்த்துக்கல்லின் சமயத்தைப் பின்பற்றியோர் வீடுகளிலும் காட்டுப் புறங்களிலும் ஒளிந்து வழிபட்டனர். புனித பேதுரு தேவாலயத்தை அவர்கள் கட்டிக்கொள்ள முடிந்தது 1710இல்தான். யாருடைய சமயம் ஆட்சியாளருக்கு அச்சம் தரவில்லையோ அவருக்கு நிலம் கிடைத்தது.

மலாக்காச் செட்டிகள்

தமிழ் வாசகர் மிகவும் தவறாகப் புரிந்துகொண்ட குடி மலாக்காச் செட்டிகளே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய ஆட்சியோடு வட்டித் தொழிலுக்கு வந்த நாட்டுக்கோட்டை நகரத்தாரோடும், ரப்பர்த் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்ட தொழிலாளரோடும் இவர்களைச் சேர்த்துக் குழப்பும் வழக்கம் உள்ளது. இவர்கள் சுல்தான்கள் காலத்துக் கெலிங் வணிகரின் வழிவந்தோர். காத்திருந்த மாதங்களில் உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிய ஆண்களின் மரபினர் ஆதலின், இவர்களுடைய தாய்மொழி மலாய் வழி வந்த ஒரு வட்டார மொழியாயிற்று. பெண்கள் சாரோங்கும் கெபாயாவும் உடுத்தினர். உணவில் தேங்காய்ப்பாலும் பெலச்சான் என்னும் இறால் விழுதும் இடம்பெற்றன. சமயத்தில் மட்டும் சைவம் தொடர்ந்தது. பிள்ளை, நாயக்கர், படையாச்சி, செட்டி முதலான பெயர்கள் இன்றும் அவர்களிடையே வழங்குவதால், தாயகத்தில் பலவாகப் பிரிந்திருந்த குலத்தவர் அங்கே ஒரே குடியாகிவிட்டனர் என்று உணரலாம்.

டச்சுக் காலத்திலும் பின்னரும் வாணிகம் கைநழுவவே, இவர்கள் நகரின் உட்பகுதியை நீங்கி, கஜா பெராங் என்னும் புறநகரில் வேளாண்மை செய்து வாழத் தலைப்பட்டனர். 1822இல் அங்கு முத்துமாரியம்மன் கோயில் அமைந்தது. ஏப்ரல், மே மாதங்களில் அக்கோயிலில் நடைபெறும் திருவிழாவை அவர்கள் 'டத்தோ சச்சார்' என்று அழைப்பர். சச்சார் என்பது அம்மை நோய்; டத்தோ என்பது மதிப்புக்குரிய பெரியவரைக் குறிக்கும் மலாய்ச் சொல். மாரியம்மன் வழிபாடு மலாய்ப் பெயரோடு நடைபெறுவதில் அவர்களுக்கு முரண் எதுவும் தோன்றவில்லை. சனவரியில் போகியன்றும் ஆண்டின் நடுவில் பழங்கள் கனியும் பருவத்திலும் 'பர்ச்சு' என்னும் முன்னோர் வழிபாடு நடக்கிறது. இறந்தவர் விரும்பி உண்டவற்றைச் சமைத்து, வாழையிலையில் பரப்பி, குத்துவிளக்கேற்றிப் படைக்கின்றனர். இலையில் இருக்கும் உணவு மலாக்கா உணவு, படைக்கும் முறை காவிரிக்கரை முறை.

தமிழ் பேசாமையால் இவர்களைத் தமிழை இழந்தவர்கள் என்று இரங்குவது தமிழ்நாட்டுக் கட்டுரைகளில் வழக்கமாகிவிட்டது. இவ்விரக்கம் பொருந்தாது. மொழியை அளவுகோலாக வைத்து ஒரு குடியின் உண்மையை அளப்பவர், ஐந்து நூற்றாண்டுகளாக ஆட்சிகள் மாறிய ஊரில், தாயகத்திலிருந்து குருமாரோ புலவரோ தொடர்ந்து வராத நிலையில், கோயிலையும் பூசையையும் குலதெய்வ நினைவையும் பெண்கள் தம் வீடுகளில் காத்துத் தந்த உழைப்பைக் காணத் தவறுகின்றனர். பொய்யாத விநாயகர் கோயிலின் உரிமை இச்சமூகத்திடம் உள்ளது. அதன் நிருவாகத்தை நகரத்தார் கவனித்து வருகின்றனர். பிற்காலத்தில் வந்த தமிழரும் முன்பே வந்த தமிழ் மரபினரும் ஒரு கருவறையின் முன் ஒன்றுகூடுவதற்கு மொழி தடையாக இருக்கவில்லை.

பாபாக்களும் கிறிசுத்தாங்கும்

இதே வழியில் உருவான மற்ற இரு குடிகளுள், ஹொக்கியன் சீனர் வழிவந்த பாபா-நோன்யாக்கள் நன்கு அறியப்பட்டவர்கள். ஆண்கள் பாபா, பெண்கள் நோன்யா எனப்படுவர். சீன முன்னோர் வழிபாட்டையும் மலாய் மொழியையும் சேர்த்தே பேணிய இவர்கள், ஆங்கிலேய ஆட்சியில் செல்வமும் கல்வியும் பெற்று, ஈரன் தெருவில் நீண்ட மாளிகைகளைக் கட்டினர். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்ட தான் சாய் யானும், 1949இல் மலாயாச் சீனர் சங்கத்தை நிறுவிய தான் செங் லொக்கும் இம்மரபினர்.

கிறிசுத்தாங் மக்களின் நிலை வேறு. கசாடோ மணங்களில் பிறந்தோரின் வழியினராகிய இவர்கள், போர்த்துக்கல்லோடு தொடர்பு அறுந்து மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகியும், போர்த்துக்கீசியச் சொற்களையும் மலாயின் இலக்கணப் போக்கையும் கலந்த தம் மொழியை விடாமல் பேசினர். பெரும்பாலோர் வறிய மீனவர். அவர்கள் ஓரிடத்தில் கூடி வாழ்வதற்காக, கத்தோலிக்கக் குருமாரின் முயற்சியால், 1930களில் உஜோங் பாசிர் கடற்கரையில் ஒரு குடியிருப்பு அமைந்தது. கெராகோ என்னும் சின்னஞ்சிறு இறாலை, ஆழமற்ற கடலில் இறங்கித் தள்ளுவலையால் பிடித்து, காயவைத்தும் விழுதாக்கியும் விற்பது அவர்களது பழந்தொழில். அங்குச் சுற்றுலாப் பயணியர் காணும் போர்த்துக்கீசிய நாட்டுப்புற நடனங்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கற்றுக்கொண்டவை. அக்குடியின் உண்மையான பழமை அவர்கள் வீட்டில் பேசும் மொழியிலும், சூன் மாத இறுதியில் மீனவர் தம் படகுகளை அணிசெய்து கொண்டாடும் புனித பேதுரு விழாவிலும் உள்ளது.

ஒரு மலாக்காக்காரரின் கல்வி

1795இல் ஆங்கிலேயர் மலாக்காவைத் தம் பொறுப்பில் கொண்டனர். 1807இல் கோட்டை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சந்தியாகு வாயில் என்னும் ஒரே ஒரு வாயில் இன்று எஞ்சியுள்ளது. 1824 உடன்படிக்கையால் நகரம் நிலையாக ஆங்கிலேயரிடம் வந்தபோது, பினாங்கும் சிங்கப்பூரும் அதன் வாணிகத்தை ஏற்கெனவே ஈர்த்துக்கொண்டிருந்தன. ஆற்று முகத்துவாரமும் மணலால் தூர்ந்துவந்தது.

இக்காலத்து மலாக்காவை உள்ளிருந்து எழுதியவர் முன்ஷி அப்துல்லா. அவர் 1796இல் அங்குப் பிறந்தார். அவருடைய தந்தைவழிக் கொள்ளுத்தாத்தா, யேமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கேயே மணம்புரிந்துகொண்ட அராபியர். அவர் மக்களுள் ஒருவர் மலாக்காவில் குடியேறினார். அப்துல்லாவின் தன்வரலாறாகிய 'இக்காயத் அப்துல்லா', மலாய் உரைநடையின் புதிய தொடக்கமாக மதிக்கப்படுவது. இளமையில் தம் தந்தை தம்மைத் தமிழ் பயில அனுப்பியதை அவர் அதில் விவரிக்கிறார்: மலாக்காவின் வசதிபடைத்த குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலம் முதல் வழக்கமாக இருந்தது என்றும், கணக்கெழுதுவதற்கும் நகரில் நிறைந்திருந்த வணிகரோடு உரையாடுவதற்கும் அது தேவைப்பட்டது என்றும் கூறுகிறார். அதே காலத்தில், அதே நகரத்தில், செட்டிகளின் வீட்டுமொழி மலாயாக இருந்தது என்பதை இதனோடு வைத்து எண்ண வேண்டும். தமிழர் மரபினர் மலாய் பேசினர்; மலாய் எழுத்தின் முன்னோடி தமிழில் கணக்கு கற்றார். மொழியும் மரபும் நேர்க்கோட்டில் செல்லாத ஊர் அது.

இன்றைய நிலை

2008 சூலையில் மலாக்காவும் பினாங்கின் ஜார்ஜ் டவுனும் ஒருசேர யுனெசுகோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றன. அதற்கு முன்பே, பழைய கட்டடங்களில் குறைந்த வாடகைக்கு வாழ்ந்தோரைக் காத்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டிருந்தது. பொற்கொல்லர் தெருவிலும் கொல்லர் தெருவிலும் பட்டறை வைத்திருந்த பலர் வெளியேற, விடுதிகளும் நினைவுப்பொருள் கடைகளும் வந்தன. கட்டடம் காக்கப்பட்டு அதனுள் வாழ்ந்தோர் நீங்கும் நிலை வருந்தத்தக்கது. 1984இல் புக்கிட் சீனாவின் இடுகாட்டை வணிக நிலமாக்கும் திட்டம் எழுந்தபோது, மக்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்து அதைத் தடுத்தனர். அத்தகைய வலிமை சிறு குடிகளுக்கு இல்லை. கஜா பெராங்கும் உஜோங் பாசிரும் மரபுச் சின்னத்தின் மையப் பகுதிக்கு வெளியே உள்ளன. கடலைத் தூர்த்து நிலமாக்கும் பணிகள் நகரின் கரையையே மாற்றிவிட்டன. கெராகோ பிடித்த ஆழமற்ற கடற்பகுதி சுருங்கிவிட்டது.

தமிழ்நாட்டு வரலாற்றுத் துறைகள் இங்குச் செய்யக்கூடிய பணி உண்டு. சோழமண்டலக் கரையின் வணிகர்களைப் பற்றிய செய்திகள் லிசுபனிலும் தி ஹேக்கிலும் உள்ள ஆவணக் காப்பகங்களில் போர்த்துக்கீசிய, டச்சு மொழிகளில் உள்ளன. மலாக்காவின் மலாய் நூல்கள் சாவி எனப்படும் அரபு எழுத்தில் உள்ளன. அம்மொழிகளையும் தமிழையும் ஒருங்கே கற்ற ஆய்வாளரைப் பயிற்றுவிப்பதும், மலாக்காச் செட்டிகளின் மூத்த தலைமுறையினர் தம் மொழியில் கூறும் குடும்ப வரலாறுகளையும், பர்ச்சு முறைகளையும், திருமணச் சடங்குகளையும் அவர்கள் மொழியிலேயே பதிவு செய்து, தமிழிலும் மலாயிலும் விளக்கத்தோடு வெளியிடுவதும் உடனடியாகத் தொடங்கத் தக்கவை. அப்பதிவுகளின் முதற்படி கஜா பெராங் மக்களிடமே இருத்தல் வேண்டும்.